மடிக்கணினிக்கு மாற்று விசிறி: வாங்கிப் பொருத்திய பின் ஒரு மதிப்பீடு

மடிக்கணினி அளவுக்கு மீறிச் சூடாகி மந்தமாகத் தொடங்கினால், அதற்கு வயதாகிவிட்டது என்று முடிவு கட்டிப் புதிய ஒன்றை வாங்க நினைப்பவர்கள் பலர். கணக்கீடுகளைச் செய்யும் முதன்மைச் சிப்களான பிராசஸர்களில் பெரும்பாலானவை 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தம்மைக் காத்துக்கொள்ளத் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. நாம் மந்தம் என்று உணர்வது பல நேரங்களில் அந்த வேகக்குறைப்பைத்தான். என்னுடைய கணினியிலும் அதுவே நடந்தது. காணொளி அழைப்பு தொடங்கிய சற்று நேரத்தில் வெப்பநிலை 97 டிகிரியைத் தொட்டது, விசிறியிலிருந்து கரகரவென்று உராயும் சத்தம் வந்தது, திரையில் எழுத்துகள் தாமதமாகத் தோன்றின. உராயும் சத்தம் விசிறியின் அச்சைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங் தேய்ந்துவிட்டதற்கான தெளிவான அடையாளம் என்பதால், வெறுமனே தூசி தட்டுவதோடு நிறுத்தாமல் மாற்று விசிறி ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். அந்த உதிரிபாகத்தைப் பற்றிய மதிப்பீடு இது.

விற்பனைப் பக்கத்தில் மடிக்கணினியின் மாடல் பெயர்தான் பெரிதாகப் போடப்பட்டிருந்தது. அதை மட்டும் நம்பி வாங்குவது சரியல்ல என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரே மாடல் பெயரில், திரைக்காட்சிகளைக் கையாளும் தனி கிராபிக்ஸ் சிப் உள்ளதும் இல்லாததுமாக இரு வகைகள் வருவதுண்டு. இரண்டின் விசிறிகளும் வேறுபடக்கூடும். இரட்டை விசிறி உள்ள கணினிகளில் இடப்பக்க விசிறியும் வலப்பக்க விசிறியும் வடிவத்திலும், பல சமயம் சுழலும் திசையிலும் வேறானவை. ஆகவே அடிமூடியைக் கழற்றி, பழைய விசிறியின் மேல் ஒட்டியுள்ள லேபிளில் இருக்கும் பாக எண்ணையும், 5 வோல்ட்டா 12 வோல்ட்டா என்பதையும், ஆம்பியர் அளவையும், கம்பிகளின் எண்ணிக்கையையும் குறித்துக்கொண்ட பிறகே வாங்க வேண்டும். நான்கு கம்பி உள்ள விசிறியில் இரண்டு மின்சாரத்துக்கு, ஒன்று வேகத்தைக் கட்டுப்படுத்த, மற்றொன்று சுழலும் வேகத்தைக் கணினிக்குத் தெரிவிக்க. இந்தக் கடைசிச் செய்தி வந்து சேராவிட்டால், விசிறி நன்றாகச் சுழன்றாலும் அது பழுது என்றே கணினி எடுத்துக்கொள்ளும். லெனோவோவின் திங்க்பேட் வரிசைக் கணினிகள் அத்தகைய நிலையில் தொடக்கத்திலேயே ‘ஃபேன் எரர்’ (விசிறிப் பிழை) என்று காட்டி அணைந்துவிடுகின்றன.

எனக்கு வந்த விசிறியின் தரம் திருப்தியாக இருந்தது. விரலால் மெல்லச் சுழற்றிப் பார்த்தபோது இதழ்கள் எங்கும் உரசாமல் சீராகச் சுழன்று நின்றன. அச்சில் ஆட்டம் இல்லை. கம்பி முனையிலுள்ள கனெக்டர், கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகையான மதர்போர்டில் இறுக்கமாக உட்கார்ந்தது. குறை என்று பார்த்தால், கம்பி பழையதைவிடச் சற்று நீளம், அதனால் இதழ்களில் சிக்காதபடி பக்கவாட்டுக் குழியில் பார்த்து மடித்து வைக்க வேண்டியிருந்தது. திருகுத் துளைகளில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் வளையங்களும் வரவில்லை. பழைய விசிறியிலிருந்து அவற்றைக் கழற்றி மாற்றிக்கொண்டேன். விலைக்கு வாங்கும் பொருளோடு அவற்றையும் சேர்த்துத் தந்திருக்க வேண்டும்.

பொருத்தும் வேலையில் முதல் படி, சார்ஜரை எடுத்துவிட்டு பேட்டரி கனெக்டரையும் கழற்றுவது. இதைத் தவிர்த்துவிட்டு மதர்போர்டில் கை வைப்பது ஆபத்து. விசிறியைக் கழற்றிய பிறகுதான் உண்மையான காட்சி தெரிந்தது: பிராசஸரின் வெப்பத்தை வாங்கிக் காற்றில் விடும் செம்புத் தகடுகளின் வாயில், காற்று வெளியேற வேண்டிய இடத்தில், பஞ்சுத் திரி போல் தூசி அடர்ந்து படிந்திருந்தது. வெளிப்புறத் துளைகள் வழியாகக் காற்றூதினால் இது அசைந்திருக்காது, ஏனெனில் அது விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. சாமணத்தால் அதை ஒரே பாளமாக எடுத்துவிட்டு, மென்மையான தூரிகையால் தகடுகளின் இடுக்குகளைச் சுத்தம் செய்தேன். விசிறியும் தகடுகளும் சேரும் இணைப்பின் மேல் மெல்லிய ஒட்டுநாடா ஒன்று இருக்கும். பலரும் அதைக் கிழித்து எறிந்துவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் காற்று தகடுகளுக்குள் போகாமல் இடைவெளி வழியே கணினியின் உள்ளேயே திரும்பிவிடும். புதிய விசிறியோடு இந்த நாடாவும் வரவில்லை என்பது என் மற்றொரு குறை. வெப்பம் தாங்கும் நாடாவைத் தனியாக வாங்கி ஒட்டினேன்.

என் கணினியில் ஹீட் சிங்க்கை, அதாவது அந்தச் செம்புத் தகடுகள் அடங்கிய, பிராசஸர் மேல் பொருந்தியிருக்கும் பாகத்தை, தொடாமலே விசிறியைக் கழற்ற முடிந்தது. சில மாடல்களில் இரண்டும் ஒன்றாக இணைந்திருப்பதால் ஹீட் சிங்க்கையும் எடுத்தாக வேண்டும். அப்போது பிராசஸருக்கும் ஹீட் சிங்க்குக்கும் இடையே வெப்பத்தைக் கடத்தும் பசையான பழைய தெர்மல் பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துப் புதிதாக இடுவது கட்டாயம். திருகுகளையும் அருகில் அச்சிடப்பட்டுள்ள எண் வரிசைப்படியே சிறிது சிறிதாக இறுக்க வேண்டும்.

பலன் கணிசமானது. அதே காணொளி அழைப்பின்போது வெப்பநிலை இப்போது 70-களில் நிற்கிறது, கனமான வேலை கொடுத்தாலும் 85-ஐத் தாண்டுவது அரிது. உராயும் சத்தம் முழுவதுமாகப் போய்விட்டது. நடுத்தர வேகத்தில் மட்டும் மெல்லிய ரீங்காரம் கேட்கிறது. அமைதியான அறையில் கவனித்தால் தெரியும், வேலையைக் கெடுக்காது. இந்த முன்னேற்றத்தில் விசிறிக்கு எவ்வளவு பங்கு, தூசி நீக்கியதற்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இயலாது. சத்தமே இல்லாமல் சூடு மட்டும் ஏறுகிற கணினி என்றால் முதலில் தூசியை எடுத்துப் பாருங்கள், விசிறி தேவைப்படாமலே போகலாம். உராய்வோ விட்டுவிட்டுச் சுழல்வதோ இருந்தால் விசிறியை மாற்றுவதே வழி. அப்படி மாற்றினால், வெப்பநிலையையும் சுழல் வேகத்தையும் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ போன்ற மென்பொருளைத் திறந்து, கணினிக்குக் கனமான வேலை கொடுத்து, வேகம் ஏறி இறங்குகிறதா என்பதை விற்பனையாளரின் திருப்பி அனுப்பும் காலக்கெடு முடிவதற்குள் உறுதி செய்துகொள்ளுங்கள்.