ஏற்காட்டுத் தோட்டத்துக்கு கேம்லாட் பாக்ஸ்குளோவ் விதை: வாங்கலாமா?

பாக்ஸ்குளோவ் என்பது உயரத் தண்டில் மணி மாதிரிப் பூக்கும் அலங்காரச் செடி. அதன் விதை பாக்கெட்டை எடுத்ததும் ரகத்தின் பெயரைப் பாருங்கள். வெறும் ‘டிஜிட்டாலிஸ் பர்பூரியா’ என்றிருந்தால் ஏற்காட்டுக்கு வேண்டாம். அது ஈராண்டுச் செடி. முதல் வருஷம் தரையோடு இலைக்கொத்து மட்டும்தான். 10 டிகிரிக்குக் கீழே வாரக்கணக்கில் குளிர் பட்டால்தான் மறு வருஷம் ஒழுங்காகத் தண்டு விடும். நம் மலையின் மார்கழிக் குளிர் அதற்குப் போதாது. இலை செழிக்கும், பூவை எதிர்பார்க்க முடியாது.

கேம்லாட் எஃப்1 என்ற கலப்பின ரகத்துக்கு அந்தக் குளிர் தேவையில்லை. விதைத்த ஐந்தாறு மாதத்தில் பூத்துவிடும். தண்டு மூன்றடிக்கு மேல் எழும். சாதாரண ரகத்தில் பூ ஒரு பக்கமாகவே தொங்கும். இதில் தண்டைச் சுற்றிலும் நிற்பதால் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் அழகு. ரோஸ் நிறப் பூவின் வாய்க்குள் எட்டிப் பார்த்தால் கருஞ்சிவப்புப் புள்ளிகள். தேனீ அதற்குள் முழு உடம்பும் நுழைந்து வரும். விலை அதிகம்தான், ஆனாலும் தாராளமாகக் கொடுக்கலாம். ஒரே குறை, இதில் எடுக்கும் விதை தாய்ச்செடி மாதிரி வராது. ஒவ்வொரு முறையும் புது பாக்கெட்தான்.

மே மாத மலர்க் கண்காட்சி சமயத்தில் பூ வேண்டுமென்றால் நவம்பரில் விதையுங்கள், மழை படாத கூரையடியில். குழித்தட்டில் நனைத்த தென்னைநார்க் கழிவை நிரப்பி, குழிக்கு ஒரு விதை மேலாக வைத்தால் போதும். மண் போட்டு மூடவே கூடாது. வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். பூச்சுப் போட்ட விதை என்றால், பூச்சு கரைந்த பிறகு ஒரு பொழுது காய்ந்தாலும் போச்சு. பூவாளி வேண்டாம், தெளிப்பானால் நனையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் முளை தெரியும்.

ஆறு இலை வந்ததும் நடலாம், ஒன்றேகால் அடி இடைவெளியில். காலை வெயிலும் மதிய நிழலும் கிடைக்கும் இடம் பாருங்கள். சில்வர் ஓக் மரத்தின் கிழக்குப் பக்கம் கச்சிதம். குருத்து மண்மட்டத்துக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். புதைந்தால், அல்லது தண்ணீர் தேங்கினால், குருத்தழுகல் வந்து செடி ஒரே வாரத்தில் சாயும். மண்புழு உரம் இரண்டு கை போதும். யூரியா போட்டால் தண்டு வெளுத்து நீண்டு காற்றில் ஒடியும், அசுவினிப் பூச்சியும் மொய்க்கும். தண்டு ஒன்றரை அடி வந்ததும் மூங்கில் குச்சி ஊன்றிச் சணலால் தளர்வாகக் கட்டுங்கள். கீழ்ப்பூ உதிர்ந்து நுனிப்பூ மட்டும் மிஞ்சும்போது நடுத்தண்டை இலைக்கு மேலே வெட்டினால் பக்கத்தண்டுகள் பூக்கும்.

செடி முழுக்க விஷம், இதயத் துடிப்பையே குலைக்கும். வெட்டியதை ஆடுமாட்டுக்குப் போடாதீர்கள், கையுறை போட்டே வேலை செய்யுங்கள். கீரை, மூலிகைப் பாத்திக்கு அருகில் வேண்டவே வேண்டாம்.

சேலம் டவுனில் இருப்பவர்கள் இந்த பாக்கெட்டை வாங்க வேண்டாம். மாசி, பங்குனி வெயிலிலேயே வதங்கிவிடும். அங்கே உயரமான பூச்செடி வேண்டுமென்றால் ஹாலிஹாக்தான் சரி, ஐப்பசியில் விதைத்துவிடுங்கள்.