கூர்மையா, குழாய் டிவியா: பழைய கேம்களுக்கு எந்தத் திரை அமைப்பு?

எமுலேட்டரில் (பழைய மெஷினைப் போல இயங்கும் மென்பொருள்) பழைய கேமைத் திறந்ததும் பலரும் முதலில் தேடுவது ஸ்கேன்லைன் ஃபில்டரைத்தான். குறுக்கே கறுப்புக் கோடுகள் விழுந்தால் பழைய காலமே வந்துவிட்டது போல ஒரு நினைப்பு. எல்லா மெஷினுக்கும் இதை ஒரே மாதிரி போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்தக் கம்ப்யூட்டர் எந்தத் திரையில் மாட்டப்பட்டிருந்தது என்று பார்த்துவிட்டுத்தான் செட்டிங்ஸில் கை வைக்க வேண்டும்.

முதலில் டாஸ் (பழைய பிசிக்களின் இயங்குதளம்) கேம்கள். தொண்ணூறுகளில் கோவை, ஈரோடு பக்கம் கம்ப்யூட்டர் சென்டரில் பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா ஆடியவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். அதன் விஜிஏ (அன்றைய பிசி கிராஃபிக்ஸ் முறை) படம் 320-க்கு 200 பிக்சல். விஜிஏ கார்டு ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை வரைந்து 400 வரியாக்கி, நொடிக்கு 70 தடவை மானிட்டருக்கு அனுப்பியது. அதனால் வரிகளுக்கு நடுவே டிவியில் இருப்பது போன்ற கறுப்பு இடைவெளி அந்த மானிட்டரில் தெரிந்ததே இல்லை. டாஸ் கேமுக்கு டிவி ஸ்கேன்லைன் போடுவது இல்லாத ஒன்றைக் கொண்டுவந்து ஒட்டுவது.

அப்படியானால் எதைப் போடுவது? டாஸ் கேம்களுக்கான எமுலேட்டரான டாஸ்பாக்ஸில் அவுட்புட்டை ஓபன்ஜிஎல் என்று வைத்தால் படம் வழவழப்பாக வரும். திரையின் கீழே இடது மூலையில் உயிரைக் காட்டும் சிவப்பு முக்கோணங்களைப் பாருங்கள். ஓரமெல்லாம் கலங்கி, ஈரத்தில் ஊறிய மாதிரி இருக்கும். ஓபன்ஜிஎல்என்பி என்று மாற்றினால் கத்தியால் வெட்டியது போல் கூர்மை. ஆனால் அதற்கும் ஒரு கணக்கு உண்டு. அந்த 320-க்கு 200 படம் அன்று 4:3 திரையை நிரப்பியது, அதாவது பிக்சல்கள் அகலத்தை விட உயரம் அதிகமானவை. ஆஸ்பெக்ட் (அகல-உயர விகித) திருத்தத்தை ஆன் செய்யாவிட்டால் இளவரசன் குள்ளமாகக் குண்டாகத் தெரிவான். ஆன் செய்தால், 1080 வரி உள்ள திரையில் படம் குறுக்கே 4.5 மடங்கும் நெடுக்கே 5.4 மடங்கும் பெரிதாகிறது. முழு எண் இல்லாததால் சில வரிசை 5 பிக்சல் தடிமன், சில வரிசை 6; நெடுவரிசைகளும் அப்படியே 4, 5 என்று மாறும். அசையாத படத்தில் இது பெரிதாகத் தெரியாது. பக்கவாட்டில் நகரும் கேமில் மட்டும் படம் முழுக்க நெளிவது போல் இருக்கும். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் அது மட்டும்தான் தெரியும்.

இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஷார்ப் பைலீனியர். முதலில் முழு மடங்குக்குக் கூர்மையாகப் பெரிதாக்கி, மிச்சமுள்ள பின்னத்தை மட்டும் மென்மையாகச் சமன் செய்யும். டாஸ்பாக்ஸிலிருந்து பிரிந்து வளர்ந்த டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங்கிலும், பல மெஷின்களுக்கான எமுலேட்டர் தொகுப்பான ரெட்ரோஆர்க்கிலும் இது இருக்கிறது. டாஸ் கேமுக்கு என் ஓட்டு இதற்குத்தான். பழைய மானிட்டர் தோற்றமே வேண்டும் என்பவர்களுக்கு ஸ்டேஜிங்கில் சிஆர்டி-ஆட்டோ (சிஆர்டி என்றால் குழாய்த் திரை) என்ற ஷேடர், அதாவது படத்தின் தோற்றத்தை மாற்றும் சிறு நிரல், உண்டு. அது கேம் விஜிஏவா, அதற்கு முந்தைய இஜிஏவா என்று பார்த்து அதற்கேற்றபடி மாறிக்கொள்ளும். பிக்சல் ஓரங்களை வழவழப்பாக்கும் எச்க்யூ2எக்ஸ் வகை ஃபில்டர்களை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். பிக்சல் பிக்சலாக யோசித்து வரைந்த முகங்களை அவை மெழுகு பொம்மையாக்கிவிடுகின்றன.

எண்பதுகளின் வீட்டுக் கம்ப்யூட்டரான கமோடோர் 64 வேறு கதை. அது வீட்டு டிவிக்காகவே செய்யப்பட்டது. பலவண்ண முறையில் அதன் படம் 160-க்கு 200 பிக்சல்தான், நிறங்கள் மொத்தம் 16. இடைப்பட்ட நிறம் வேண்டுமென்றால் ஓவியர்கள் இரண்டு நிறங்களைக் கட்டம் கட்டமாக மாற்றி மாற்றி வைத்தார்கள். டிவி அதைக் கலக்கி மூன்றாவது நிறமாகக் காட்டியது. இங்கே முழுக் கூர்மை வைத்தால் அந்த நிழல் வெறும் சதுரங்கக் கட்டமாக நிற்கும். வைஸ் எமுலேட்டரில் சிஆர்டி எமுலேஷனை ஆன் செய்தால் கட்டங்கள் கரைந்து படம் படமாகிறது. ஆகவே இதற்கு மென்மைதான் சரி. நம் ஊர்ப் பழைய டிவியும் பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில்தான் இயங்கியது என்பதால் பால் தோற்றம் நமக்குப் பழகியதும்கூட. ரெட்ரோஆர்க்கில் என்டிஎஸ்சி என்று பெயர் போட்ட ஷேடர்கள் அமெரிக்க டிவிக்கானவை. பால் கேமுக்கு அவற்றை எடுக்க வேண்டாம்.

நிறத்தில்தான் பெரிய வாக்குவாதமே. கமோடோரில் படம் வரையும் விஐசி-2 சிப், சிவப்பு இவ்வளவு, பச்சை இவ்வளவு என்று நிறத்தைச் சொல்வதில்லை. வெளிச்ச அளவும், சிக்னல் அலையின் கட்டக் கோணமும் (phase)தான் அதன் கணக்கு. அதனால் இதுதான் அசல் என்று ஒரே பட்டியல் கிடையாது. வைஸில் உள்ள பேலட்டுகளில், அதாவது நிறப் பட்டியல்களில், பெப்டோ அடங்கிய, கொஞ்சம் சாம்பல் பூத்த நிறங்கள் கொண்டது. கொலோடோர் அதைவிடப் பளிச். பகல் வெளிச்சம் உள்ள அறையில் எனக்குக் கொலோடோர்தான் பிடிக்கிறது. பெப்டோவில் பழுப்பும் அடர் சாம்பலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, குகைக் காட்சிகளில் வழி எது சுவர் எது என்று தேட வேண்டியிருக்கிறது.

பேலட்டைக் குறை சொல்வதற்கு முன் உங்கள் திரையைப் பாருங்கள். என் மச்சான் ஒருவர் திருப்பூரில் சாயப்பட்டறை லேபில் ஷேடு பார்ப்பவர். பையருக்கு அனுப்பும் துணியை லைட் பாக்ஸில் பகல் வெளிச்சம் போன்ற டி65 விளக்கில் ஒருமுறை, கடை விளக்கான டிஎல்84-இல் ஒருமுறை என்று வைத்துப் பார்ப்பது அவர் வேலை. என் லேப்டாப்பைப் பார்த்த உடனே, “ஏனுங்க மாப்ள, லைட்ட மஞ்சளா வெச்சுட்டு ஷேடு தப்புங்கறீங்களே?” என்றார். நைட் லைட் ஆன் ஆகி இருந்தது. கம்ப்யூட்டர் திரைகளின் எஸ்ஆர்ஜிபி தரத்திலும் வெள்ளை என்பது அதே டி65 வெள்ளைதான். நைட் லைட்டை அணைத்து, மானிட்டரின் விவிட் மோடை எடுத்துவிட்டு, அதன் ஷார்ப்னெஸையும் நடுநிலைக்குக் கொண்டுவந்த பிறகு பேலட்டுகளை ஒப்பிடுங்கள். அந்த ஷார்ப்னெஸ் அதிகமாக இருந்தால் எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு படரும். எமுலேட்டரில் எதை மாற்றினாலும் அது போகாது.

வரிசையும் முக்கியம். ஸ்கேன்லைன் போட்டால் படம் இருட்டும். அதனால் முதலில் அதன் அழுத்தத்தை முடிவு செய்துவிட்டு, பிறகு காமாவைத் திருத்துங்கள். பிரைட்னெஸைத் தூக்கினால் கறுப்பு சாம்பலாகிவிடும். காமா இடைநிறங்களை மட்டும் மேலே கொண்டுவரும்.

சிஆர்டி-ராயல் மாதிரி கனமான ஷேடர்கள் குழாயின் ஒளிரும் பாஸ்பர் புள்ளிகளையே வரைகின்றன. 4கே திரையும் நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் இருந்தால் தாராளமாகப் போடுங்கள், பார்க்க அத்தனை அழகு. 1366-க்கு 768 லேப்டாப்பில் அந்தப் புள்ளிகளுக்கு இடமே போதாது, மெஷினும் திணறும். அந்த லேப்டாப்புக்கும் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டருக்கும் இசட்ஃபாஸ்ட் சிஆர்டி என்ற இலகுவான ஷேடர் போதும்.