எல்டன் ரிங்கா, நியோ 2-ஆ? ஆயுதத்தை மாற்றினால் கையில் என்ன மிஞ்சும்?

எல்டன் ரிங், நியோ 2 இரண்டுமே வாள்சண்டை வீடியோ கேம்கள். எல்டன் ரிங்கில் சாமுராயாகத் தொடங்கி, கையில் வந்த உச்சிகட்டானா என்ற வாளை மேம்படுத்தி +18-ஆம் படி வரை ஏற்றி வைத்திருந்தேன். அதற்குப் பிறகுதான் கேலிட் என்ற பகுதியில் ஒரு வண்டிப் பெட்டியில் கிரேட்ஸ்வார்ட் கிடைத்தது. ஆள் உயர இரும்பு, பார்த்ததுமே ஆசை. ஒரு கையால் வீச ஸ்ட்ரெங்த் (வலிமைப் புள்ளி) 31 வேண்டும், என்னிடம் இருந்தது 14. இந்த அலசல் அங்கேதான் பிறந்தது.

புள்ளிகளை மாற்றுவது பெரிய வேலை இல்லை. ரென்னாலா என்ற பாஸை வென்றபின் அவளிடமே லார்வல் டியர் என்ற பொருள் ஒன்றைக் கொடுத்தால் எல்லாவற்றையும் கலைத்துப் பங்கிடலாம். கையைக் கடித்தது ஆயுதத்தை மேம்படுத்தும் கல். சாதாரண ஆயுதம் ஒவ்வொரு மூன்று படிக்கும் 2, 4, 6 என 12 கற்களைத் தின்னும். அடுத்த மூன்று படிக்கு அதைவிட உயர்ந்த தரத்தில் இன்னொரு 12. ஆக +18-க்கு 72 கற்கள். உச்சிகட்டானாவில் போட்ட 72-ல் ஒன்றுகூடத் திரும்பி வராது. கிரேட்ஸ்வார்ட் பூஜ்யத்தில் நிற்கும். கடைக்குக் கொடுக்கும் பெல் பேரிங் என்ற பொருள்களைத் தேடிப் பிடித்தால் கற்களை விலைக்கு வாங்கலாம்தான், அதற்கும் அலைய வேண்டும். சோம்பர் என்ற தனி வகைக் கல் கேட்கும் ஆயுதங்களுக்கு மொத்தமே 10 கல் போதும். ஆனால் அவற்றில் ஆஷ் ஆஃப் வார் (ஆயுதத்தில் பூட்டும் சிறப்பு ஸ்கில்) மாற்ற முடியாது.

அந்த ஆஷ் ஆஃப் வார் அருமையான ஏற்பாடு, மறுக்கவில்லை. கிரேஸ் என்னும் ஓய்விடத்தில் உட்கார்ந்து செலவே இல்லாமல் ஸ்கில்லை மாற்றலாம். குளிர் வகையைப் பூட்டினால் அதே வாள் இன்டெலிஜென்ஸைக் கேட்கும், புனித வகையைப் பூட்டினால் ஃபெய்த்தை. பில்ட் (ஆளை வளர்க்கும் விதம்) எண்ணிக்கையில் எல்டன் ரிங்தான் முன்னே. உலகத்தின் விரிவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆனாலும் என் ஓட்டு 2020-ல் வந்த நியோ 2-க்கு. காரணம் ஒன்றே: உழைப்பு பொருளில் போய்ச் சேராமல் ஆளிடம் சேர்கிறது. ஒவ்வொரு ஆயுத வகைக்கும் தனி ஸ்கில் மரம், அதாவது புள்ளி கொடுத்துக் கற்கும் அடிகளின் கிளைப் பட்டியல். ஓடாச்சி என்ற நீள வாளைச் சுழற்றச் சுழற்ற அந்த மரத்துக்கான புள்ளிகள் வரும். புதுசாக ஓர் ஓடாச்சி விழுந்தால் பழையதை யோசிக்காமல் உடைத்துப் போடலாம். கற்ற அடிகள் போகாது. பொருள் வந்து போகும், வித்தை தங்கும். ஈட்டிக்குத் தாவினால் அதன் மரம் அடியிலிருந்து தொடங்கும், ஓடாச்சியுடையது அழியாது. ஓடாச்சிக்கு ஸ்ட்ரெங்த், ஈட்டிக்கு கான்ஸ்டிட்யூஷன் என்று பலம் மாறுவதால் முதலில் அடி சப்பென்றிருக்கும். கொல்லரிடம் புள்ளிகளைக் கலைத்துப் பங்கிட உதவும் மறுபிறப்புப் புத்தகத்தைக் காசுக்கு வாங்கினால் அதுவும் சரியாகிவிடும்.

இன்னொன்று விரல் பழக்கம். உயர், நடு, தாழ் என மூன்று நிலைகள், ஒவ்வொன்றிலும் வேறு வீச்சுகள். அடித்து முடித்ததும் சரியான நேரத்தில் பொத்தானை அழுத்தித் தெம்பை மீட்பது கீ பல்ஸ், அதோடு நிலையையும் மாற்றினால் ஃப்ளக்ஸ். எந்த ஆயுதம் எடுத்தாலும் இந்தத் தாளம் மாறாது. எல்டன் ரிங்கில் கிரேட்ஸ்வார்டுக்குப் போனபோது கட்டானாவில் பழகிய நேரக்கணக்கை முழுக்க மறக்க வேண்டியிருந்தது.

குறை இல்லாமலா? லூட் (எதிரிகளிடமிருந்து விழும் பொருள்கள்) தொல்லை தாங்காது. ஒரு மிஷன் முடித்தால் பத்து நிமிஷம் பையைக் கொட்டிப் பொறுக்க வேண்டும். பிடித்த ஒன்றையே சோல் மேட்ச் செய்து, அதாவது வேறொரு பொருளைக் கொடுத்து அதன் படியை உயர்த்தி, வைத்துக்கொள்ளப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் செலவு ஏறும். பிறரோடு மோத நினைப்பவருக்கு நியோ 2-ல் வழியே இல்லை, எல்டன் ரிங்தான். என் அனுபவம் முதல் சுற்றோடு சரி. மேல் கடின நிலைகளில் செட் போனஸ்களே (ஒரே தொகுப்புப் பொருள்களைச் சேர்த்து அணிந்தால் கிடைக்கும் பலன்கள்) எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்கிறார்கள். அங்கே போனால் என் கட்சி மாறினாலும் மாறலாம். ஒன்மியோ மந்திரங்களையும் நுனிப்புல்தான் மேய்ந்திருக்கிறேன்.

இப்போதைக்கு ஓடாச்சியும் ஈட்டியும். நடுவில் ஒரு வாரம் டான்ஃபா என்ற கைத்தடி ஆயுதத்தைப் பிடித்துப் பார்த்தேன், விரல் ஒத்துழைக்கவில்லை. அந்த மரத்தில் போட்ட புள்ளிகள் மட்டும் அப்படியே இருக்கின்றன.