படர்தாமரைக்கு எந்த மாத்திரை: டெர்பினாஃபினா, இட்ராகொனசோலா?

தொடையிடுக்கில் சிறு வட்டமாக இருக்கும் படர்தாமரைக்குக் களிம்பே போதும். இடுப்பு, முதுகு என்று பரவிய பிறகும், ஆறியதுபோல் ஆறி மறுபடி கிளம்பும்போதும்தான் மாத்திரைக்கு வேலை வருகிறது.

படர்தாமரையை உண்டாக்குவது பூஞ்சை. அதன் செல் சவ்வுக்கு எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருள் வேண்டும். இரண்டு மருந்துகளும் எர்கோஸ்டெரால் உற்பத்தியையே தடுக்கின்றன. தடுக்கும் இடம்தான் வேறு. ஸ்குவாலீன் எபாக்சிடேஸ் என்ற நொதியை முடக்கும் டெர்பினாஃபின், பூஞ்சையைக் கொன்றே விடும். இட்ராகொனசோல் பெரும்பாலும் வளரவிடாமல் நிறுத்தி வைக்கும். பாடப்புத்தகத்தில் டெர்பினாஃபினுக்கே முதலிடம்: 250 மி.கி., நாளுக்கு ஒன்று, சில வாரங்கள், சாப்பாட்டு நேரம் பற்றிய கவலை இல்லை.

இந்தியாவில் அந்தக் கணக்கு இப்போது எடுபடுவதில்லை. இங்கே பரவியிருக்கும் டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்ற பூஞ்சைக்கு 2020-ல்தான் பெயர் வைத்தார்கள். இதன் பல வகைகளில் அந்த நொதிக்கான மரபணுவே மாறியிருக்கிறது. டெர்பினாஃபின் அங்கே பிடி கிடைக்காமல் நிற்கிறது. அதனால் பரவிய படர்தாமரைக்கு இன்று என் ஓட்டு இட்ராகொனசோலுக்கு.

ஆனால் அது நோயாளியிடம் ஒழுங்கை எதிர்பார்க்கும் மருந்து. கேப்சூல் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு விழுங்க வேண்டும். காலையில் வெறும் வயிற்றில், அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரை போடுவது பல வீடுகளில் காப்பி குடிப்பதைப் போன்ற வழக்கம். அமிலத்தை அடக்கிவிட்டு இட்ராகொனசோலை விழுங்கினால் ரத்தத்தில் சேர்வது குறைவு. பழி மட்டும் மருந்தின் மேல். இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு இது ஆகாது. கொழுப்புக்குச் சிம்வாஸ்டாடின் எடுப்பவர்களுக்கும் கூடாது, தசையே பாதிக்கப்படலாம்.

டெர்பினாஃபினிலும் தொல்லை உண்டு. சிலருக்கு நாக்கில் ருசியே போய்விடும். அது திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். அரிதாகக் கல்லீரல் பாதிக்கப்படுவது இரண்டிலுமே உண்டு என்பதால், ஏற்கெனவே கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

வாரம் ஒன்றாக விழுங்கும் ஃபுளுகொனசோல் வசதிதான், ஆனால் படர்தாமரையில் இவ்விரண்டின் அளவுக்கு வேகம் கிடையாது. கீட்டோகொனசோல் மாத்திரையை, கல்லீரல் பாதிப்புக்காக ஐரோப்பாவில் 2013-லேயே ஓரங்கட்டிவிட்டார்கள்.

தேமலுக்கு இந்தப் போட்டியே கிடையாது. அது வேறு பூஞ்சை. டெர்பினாஃபின் களிம்பாகப் பூசினால் கேட்கும், மாத்திரையாக விழுங்கினால் கேட்காது. முதுகில் உள்ளது படர்தாமரையா தேமலா என்று தெரியாமலே மருந்துக்கடையில் டெர்பினாஃபின் அட்டை வாங்குகிறவர், ஒரு மாதம் கழித்து அதே முதுகோடுதான் தோல் மருத்துவரிடம் வந்து உட்காருகிறார்.