பென்டாக்ஸ் கே1000: இருபதாயிரத்துக்குள் ஒரு முழு செட்

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மதியம் ஒன்றரைக்கு மேல் மூன்றரை வரை கடையில் ஆள் இருக்காது. அந்த நேரம் மேஜை மேல் என் பழைய பிலிம் கேமரா, பென்டாக்ஸ் கே1000, இருக்கும். பார்க்கிற கல்லூரிப் பிள்ளைகள் எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்பார்கள்: "அண்ணாச்சி, இது ஓடுமா? பிலிம் இன்னும் கிடைக்குதா? எவ்வளவு ஆகும்?" ஓடும். கிடைக்கும். எவ்வளவு ஆகும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

கேமரா பாடியும் 50 எம்எம் எஃப்2 லென்ஸும் சேர்த்து 8,500. திருவனந்தபுரத்தில் ஒரு பழைய மெக்கானிக்கிடம் சர்வீஸ் 1,500. 28 எம்எம் எஃப்2.8 லென்ஸ் 5,000. 135 எம்எம் எஃப்3.5 லென்ஸ் 2,800. மஞ்சள் ஃபில்டர் 600. ஈரம் புகாத டப்பா, ஈரப்பத மீட்டர், சிலிக்கா ஜெல் எல்லாம் சேர்த்து 700. ஆக மொத்தம் 19,100 ரூபாய். எல்லாம் செகண்ட் ஹேண்ட், ஒன்றரை வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தது.

கே1000 வந்தது 1976இல். 1997 வரைக்கும் செய்தார்கள். அத்தனை வருஷம் விற்றதால் இன்றைக்கும் பாடியும் பாகமும் கிடைக்கின்றன. பிலிம் மேல் வெளிச்சம் விழத் திறந்து மூடுகிற ஷட்டர் முழுக்க ஸ்பிரிங்கும் பல்சக்கரமும்தான். உள்ளே போடுகிற ஒரே ஒரு எல்ஆர்44 பட்டன் செல் வெளிச்சத்தை அளக்கிற மீட்டருக்கு மட்டும். செல் தீர்ந்தாலும் ஒரு செகண்டிலிருந்து ஆயிரத்தில் ஒரு செகண்ட் வரை எல்லா ஸ்பீடும் வேலை செய்யும். கேனன் ஏஇ-1 அழகான கேமராதான், ஆனால் பேட்டரி இல்லாவிட்டால் ஷட்டர் அசையாது. மினோல்டா எஸ்ஆர்டி-101 நல்ல கனமான உடம்பு, ஆனால் அதன் மீட்டருக்குக் கணக்கிட்ட மெர்குரி பேட்டரி இப்போது விற்பனையிலேயே இல்லை. நிக்கான் எஃப்எம்2 இவை எல்லாவற்றையும் விட மேல். எனக்கு விலை கட்டவில்லை. எல்ஆர்44 நம்ம ஊர் வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கே1000இல் ஆன்-ஆஃப் பட்டன் கிடையாது. மீட்டர் எப்போதும் விழித்திருக்கும். லென்ஸுக்கு மூடி போட்டு இருட்டாக்கினால்தான் ஓயும். மூடியைத் தொலைத்துவிட்டு நான் இரண்டு மாதத்தில் இரண்டு செல் மாற்றினேன். டைமரும் கிடையாது, படத்தில் எதுவரை தெளிவாக வரும் என்று முன்கூட்டியே பார்க்கிற டெப்த் லிவரும் கிடையாது. இது மூன்றும் இல்லாதது எனக்கு ஒரு குறையாகவே படவில்லை.

கண்ணை வைத்துப் பார்த்தால் வலது ஓரத்தில் ஒரு ஊசி. ஷட்டர் ஸ்பீடு, அபர்ச்சர் என்கிற லென்ஸ் துவாரத்தின் எண் (எஃப்2, எஃப்2.8 என்பது) எதுவும் உள்ளே தெரியாது. அபர்ச்சர் வளையத்தைத் திருப்ப ஊசி ஏறும், இறங்கும். நடுவில் நின்றால் வெளிச்சம் சரி. ஃபோகஸுக்கு நடுவில் ஒரு வட்டம், பொடிப்பொடியாக மினுங்கும். தோவாளைப் பூச்சந்தையில் விடியற்காலையில் பிச்சிப்பூ கட்டிக்கொண்டிருந்த ஒரு ஆச்சியின் விரலில் வட்டத்தை வைத்தேன். ட்யூப்லைட் வெளிச்சம், எஃப்2, முப்பதில் ஒரு செகண்ட். வளையத்தைத் திருப்பத் திருப்ப விரல் நுனியில் மினுமினுப்பு குறைந்து, ஒரு இடத்தில் நார் ஒவ்வொன்றும் தெளிந்து நின்றது. அந்த இடத்தில் அமுக்கினால் போதும். ஆட்டோஃபோகஸில் இந்த நிமிடம் எனக்குக் கிடைத்ததில்லை.

மூன்று லென்ஸும் பென்டாக்ஸ் எம் வரிசை. மூன்றுக்கும் ஃபில்டர் அளவு 49 எம்எம். இது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் காசு மிச்சமாவது இங்கேதான். ஒரே மஞ்சள் ஃபில்டர், ஒரே மாதிரி மூடி, ஒன்று தொலைந்தால் இன்னொன்று பொருந்தும். கறுப்பு வெள்ளையில் மஞ்சள் ஃபில்டர் போட்டால் முட்டத்துக் கடல் மேல் மேகம் தனியாக எழும்பி நிற்கும். மீட்டர் லென்ஸ் வழியாகவே அளப்பதால் ஃபில்டருக்காகத் தனிக் கணக்கும் வேண்டாம். மாத்தூர் தொட்டிப்பாலத்தின் கீழே, 115 அடி உயரத் தூணின் அடியில் நின்று எடுக்க, அகலமாகப் பிடிக்கிற 28 வேண்டும். 135 ஒன்றரை மீட்டருக்குக் கிட்டே ஃபோகஸ் ஆகாது, ஆனால் கரையில் நின்று வள்ளத்தில் இருப்பவர் முகத்தை எடுக்கலாம். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 50 மட்டும் போதும். மிச்சக் காசைப் பிலிமில் போடுங்கள்.

இனி நம்ம மாவட்டத்துக்கே உள்ள பிரச்சினை. தென்மேற்கு மழையும் நமக்கு, வடகிழக்கு மழையும் நமக்கு, வருஷம் முழுக்கக் கடல் காற்றும் நமக்கு. லென்ஸுக்கு இதைப் போல எதிரி வேறு இல்லை. நான் முதலில் ஆன்லைனில் ஒருவரிடம் வாங்கிய 135இல் 'கண்ணாடி சுத்தம்' என்று எழுதியிருந்தது. வந்ததும் பின்பக்கம் டார்ச் அடித்து முன்பக்கம் பார்த்தேன். ஓரத்தில் சிலந்தி வலை மாதிரி வெள்ளை இழை, உள்கண்ணாடி வரை படர்ந்திருந்தது. பூஞ்சை. திருப்பி அனுப்ப மூன்று வாரம் மல்லுக்கட்டினேன், பணம் வந்தது. பகல் வெளிச்சத்தில் மேலோட்டமாகப் பார்த்தால் அது தெரியவே தெரியாது. டார்ச் அடித்த வீடியோ கேட்காமல் லென்ஸ் வாங்காதீர்கள்.

பழைய தோல் உறையில் கேமராவை வைக்கவும் கூடாது. தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரப்பர் வளையம் வைத்து மூடுகிற பெரிய டப்பா ஒன்று, உள்ளே சிலிக்கா ஜெல், 200 ரூபாய் ஈரப்பத மீட்டர். முள் 40க்கும் 50க்கும் நடுவில் நின்றால் நல்லது. ஜெல் நிறம் மாறினால் பழைய சட்டி ஒன்றில் லேசான தீயில் வறுத்தெடுத்துத் திரும்பப் போடலாம். அந்தச் சட்டியைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது. இந்த டப்பாவும் கேமரா செட்டில் ஒரு பாகம் என்றே கணக்கு வையுங்கள். 700 ரூபாயை மிச்சம் பிடித்தால் இரண்டே மழையில் 5,000 ரூபாய் லென்ஸ் போய்விடும்.

பாடி வாங்கும்போது பின் கதவைத் திறந்து ஓரத்துப் பள்ளத்தைத் தடவிப் பாருங்கள். கறுப்பாகப் பிசுபிசு என்று ஒட்டினால் ஸ்பாஞ்ச் கெட்டிருக்கிறது, வெளிச்சம் உள்ளே போகும். அதற்காகப் பாடியை ஒதுக்க வேண்டாம். மாற்றுவது எளிது, விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

பிலிம் விஷயத்துக்கு வருகிறேன். கடையில் இல்ஃபோர்டு எச்பி5 என்கிற கறுப்பு வெள்ளை பிலிம் ஒரு ரோல் ஆயிரத்தை ஒட்டி வருகிறது. நான் கென்ட்மியர் 400 பிலிமை மொத்தமாக நூறடிச் சுருளாக வாங்கிவிடுகிறேன். எனக்கு 8,000 ஆனது. 36 படம் வருகிற ரோல் பதினெட்டு சுற்றலாம், ஒன்றுக்கு 445 ரூபாய் கூட வராது. எச்பி5 முக்கியமான நாளுக்கு மட்டும்.

பிலிமைக் கழுவுவதும் வீட்டில்தான். எச்பி5க்கு, படத்தை வெளியே கொண்டுவருகிற ஐடி-11 டெவலப்பர் கரைசலை மேற்கொண்டு தண்ணீர் கலக்காமல் ஊற்றினால் 20 டிகிரியில் ஏழரை நிமிடம். நம்ம குழாய்த் தண்ணீர் ஏப்ரலில் 30 டிகிரியைத் தொடும். அப்படியே ஊற்றினால் நேரம் பாதியாகச் சுருங்கும், ஒரே சீராகவும் வராது. வாளியில் தண்ணீர் பிடித்து, ஃபிரிட்ஜ் ஐஸ் இரண்டு தட்டு போட்டு, டெவலப்பர் பாட்டிலை அதில் நிறுத்திவைப்பேன். அப்புறம் படத்தை நிலைநிறுத்துகிற ஹைப்போ, அப்புறம் கழுவல். கடைசி அலசலுக்கு மட்டும் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர். போர் தண்ணீரில் அலசினால் காய்ந்த பிலிமில் வெள்ளைப் புள்ளி நிற்கும்.

மச்சான் வீட்டுப் பால்காய்ப்பில் நான் எடுத்த முதல் ரோலில் ஒரு படம்கூட இல்லை. பிலிம் நுனி எதிர்ப்பக்கச் சுருளில் மாட்டவே இல்லை, 36 தடவை சும்மா அமுக்கியிருக்கிறேன். மச்சானின் அம்மா அடுப்பில் பால் பொங்குவதைப் பார்த்து நின்ற அந்த முகம் போனதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம். அதனால் ரோல் போட்டதும் இடது பக்கத்து ரீவைண்ட் குமிழைத் திருகித் தொய்வை எடுத்துவிடுங்கள். பிறகு பிலிமை நகர்த்துகிற லிவரை இழுக்கும்போது அந்தக் குமிழும் கூடவே சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் கதவைத் திறந்து மறுபடி மாட்டுங்கள்.

முட்டத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பாட்டா, "மக்களே, இதுக்கு சார்ஜு போட வேண்டாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கையில் வாங்கி லிவரை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார், அமுக்கினார், அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தலையாட்டினார். அவர் எடுத்தது என் செருப்பும் கொஞ்சம் மணலும். அந்த நெகடிவையும் கழுவி, மற்றவற்றோடு உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.