பீனியல் கட்டியால் மூளையில் நீர் கோத்தால்: ஷன்ட்டா, இ.டி.வி.யா?

பீனியல் சுரப்பி மூளையின் நடுப்பகுதியில், மூன்றாம் நீரறையின் (மூளைக்குள் நீர் நிரம்பியிருக்கும் அறைகளில் ஒன்று) பின்புறத்தை ஒட்டி இருக்கிறது. அங்கே கட்டி வளர்ந்தால் அருகில் செல்லும் குறுகிய நீர்ப்பாதை நசுங்கி, மூளைநீர் கீழே இறங்க வழியின்றி மேல் அறைகளில் தேங்கிவிடுகிறது. ஆகையால் கட்டிக்கு என்ன வைத்தியம் என்று பேசத் தொடங்கும் முன்பே, தேங்கிய நீரை எப்படி வடிப்பது, ஷன்ட் எனும் குழாயை வைத்தா, இ.டி.வி. எனும் எண்டோஸ்கோப் அறுவைச் சிகிச்சை செய்தா என்ற கேள்வி குடும்பத்தின் முன் வந்து நிற்கிறது.

கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் இருக்கும் என் தங்கை வீட்டில், பதின்மூன்று வயது மகனுக்காக இந்த முடிவை எடுக்க வேண்டி வந்தது. காலைத் தலைவலியும் வாந்தியும் எத்தனையோ காரணங்களால் வரும். ஆனால் மரத்திலிருக்கும் மாங்காயைப் பார்க்க அவன் விழியை உயர்த்தாமல் முகவாயைத் தூக்கினான். கண் டாக்டர் உடனே ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தது அதைப் பார்த்துத்தான். கட்டி நடுமூளையின் மேற்புறத்தை அழுத்தும்போது மேல்நோக்கிய பார்வை இப்படி முடங்கும் என்றும், அதற்குப் பாரினோ சிண்ட்ரோம் என்று பெயர் என்றும் பிறகு அறிந்தோம்.

வி.பி. ஷன்ட் என்பது நீரறையில் மெல்லிய குழாய் ஒன்றைச் செருகி, ஒரு வால்வின் வழியாகக் காதுக்குப் பின்புறம், கழுத்து, மார்பு எனத் தோலுக்கடியில் இறக்கி வயிற்றுக்குள் விடுவது. நரம்பியல் அறுவைச் சிகிச்சை நடக்கும் இடங்களில் பெரும்பாலும் செய்யக்கூடியது. உள்நாட்டில் தயாராகும் சாப்ரா ஷன்ட் வெளிநாட்டுச் சரக்கைவிட விலையும் மலிவு. இ.டி.வி. என்பது முன்னந்தலையில் சிறு துளையிட்டு, எண்டோஸ்கோப்பை (கேமரா பொருத்திய மெல்லிய குழல்) மூன்றாம் நீரறைக்குள் செலுத்தி, அதன் தரையில் ஓட்டை போட்டு நீருக்கு மாற்றுப் பாதை அமைப்பது. இதில் உடம்புக்குள் எந்தப் பொருளும் தங்குவதில்லை. 1923-லேயே வில்லியம் மிக்ஸ்டர் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் இதைச் செய்து பார்த்திருக்கிறார். நல்ல எண்டோஸ்கோப் வந்த பிறகே பரவலானது.

நாங்கள் இ.டி.வி.யின் பக்கம் சாய்ந்ததற்கு முதன்மையான காரணம் பராமரிப்பு. தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாய் போட்ட எவருக்கும் தெரியும், குழாயைப் போடுவது ஒரு நாள் வேலை, அடைப்பெடுப்பது வருடம் முழுக்க வேலை என்று. குழந்தைகளுக்கு வைக்கப்படும் ஷன்ட்டுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று முதல் வருடத்துக்குள்ளேயே பழுதாகிறது. கிருமித் தொற்று ஏற்பட்டால் குழாயையே எடுத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். அடைப்பின் அறிகுறிகளோ தலைவலி, வாந்தி, அசதி, அதாவது சாதாரணக் காய்ச்சலிலும் வருபவை. ஒவ்வொரு முறையும் இது அதுதானோ என்று சந்தேகப்பட்டு ஸ்கேன் எடுத்தாக வேண்டும். பெங்களூரிலேயே குடியிருப்பவருக்கு அது அரை நாள் அலைச்சல். அஞ்செட்டியிலோ பென்னாகரத்திலோ இருப்பவர்கள் நள்ளிரவில் வண்டி பிடித்து, அத்திப்பள்ளி நெரிசலைக் கடந்து பெங்களூருக்கோ தொப்பூர் கணவாயில் இறங்கிச் சேலத்துக்கோ போய்ச் சேர வேண்டியிருக்கும். இந்த ஒரு கணக்கே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

ஷன்ட்டில் கட்டி உள்ளவர்களுக்கென்றே இன்னொரு சங்கடமும் உண்டு. சிகிச்சை முடிந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வெளியிலிருந்து அழுத்தத்தை மாற்றக்கூடிய வால்வு வைத்திருந்தால், அவற்றில் சில வகைகளின் அளவை அந்தக் காந்தம் மாற்றிவிடக்கூடும் என்பதால் ஸ்கேனுக்குப் பின் சரிபார்க்க வேண்டும். மிக அரிதாக, கட்டியின் செல்கள் குழாய் வழியே வயிற்றுக்குள் இறங்கிப் பரவியதாகவும் மருத்துவப் பதிவுகள் உள்ளன.

இ.டி.வி. செய்யும்போதே கட்டியிலிருந்து பயாப்ஸி (பரிசோதனைக்கான சிறு துணுக்கு) எடுக்கலாம், பரிசோதனைக்கு மூளைநீரும் எடுக்கலாம். பீனியல் பகுதிக் கட்டிகளில் இது சிறிய வசதியல்ல, ஏனெனில் அங்கே வரும் கட்டி வகைகளில் ஒன்றான ஜெர்மினோமா என்று தெரிந்தால் மண்டையோட்டைத் திறந்து கட்டியை அகற்ற வேண்டிய அவசியமே பெரும்பாலும் இராது. கதிர்வீச்சுக்கும் கீமோவுக்கும் நன்றாகக் கரையும், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணமாகிறார்கள். டெரடோமா, பீனியோசைட்டோமா போன்ற வேறு வகைக் கட்டிகளுக்குத் திறந்த அறுவைச் சிகிச்சையே முதன்மை. இரத்தத்திலோ மூளைநீரிலோ ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன் என்ற, சில வகைக் கட்டிகள் சுரக்கும் புரதம் தெளிவாக உயர்ந்திருந்தால் அதுவே நோயைச் சொல்லிவிடும், பயாப்ஸி தேவைப்படாமலும் போகலாம். எடுக்கப்படும் துணுக்கு மிகச் சிறியது என்பதால், கலப்புக் கட்டியாக இருந்தால் ஒரு பகுதி தவறிப்போக வாய்ப்புண்டு. இரத்தப் பரிசோதனையோடு சேர்த்தே அதை வாசிக்க வேண்டும்.

இ.டி.வி.யில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஓட்டை போடும் இடத்துக்கு மிக அருகில் மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பேசிலார் தமனி ஓடுகிறது. அது காயப்படுவது அரிது, பட்டால் உயிருக்கே ஆபத்து. போட்ட ஓட்டை மூடிக்கொள்வதும் உண்டு, அது பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே தெரிந்துவிடும். எனவே கடும் தலைவலி வந்தால் அலட்சியப்படுத்தக் கூடாது என்ற விதி இங்கேயும் பொருந்தும். வயது, அடைப்பின் காரணம், முன்பு ஷன்ட் வைத்ததா என்ற மூன்றையும் வைத்து வெற்றி வாய்ப்புக்கு ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். எங்கள் பையனைப் போல் பத்து வயதைத் தாண்டி, கட்டி நசுக்கியதால் நீர் தேங்கி, முன்பு ஷன்ட் இல்லாதவருக்கு அது நூற்றுக்கு 80 வரை வரும். கைக்குழந்தைக்கு வெகுவாகக் குறைந்துவிடும்.

ஷன்ட்டோடு வாழ்ந்த அனுபவம் எங்களுக்கு இல்லை. வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரர்களிடம் கேட்டதும் டாக்டர்கள் விளக்கியதுமே என் ஆதாரம். ஒரே குழாயோடு பல வருடம் தொல்லையின்றி இருப்பவர்களும் உண்டு. கைக்குழந்தைகளுக்கும், இ.டி.வி. பலன் தராதவர்களுக்கும், மூளைநீர் இரத்தத்துக்குள் உறிஞ்சப்படுவதிலேயே கோளாறு உள்ளவர்களுக்கும் ஷன்ட்டே சரியான வழி. அப்படி வைத்துக்கொண்டால், ஊருக்குக் கிளம்பும் முன் வால்வின் வகையும் அழுத்த அளவும் டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நன்றாக இருக்கும்போது எடுத்த ஸ்கேன் படம் ஒன்றையும் கேட்டு வாங்கி வையுங்கள். இரவில் தருமபுரியிலோ ஓசூரிலோ முதலில் பார்க்கப்போகும் டாக்டருக்கு, ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் படம் வேண்டும்.