மெக்கா, விண்டோஸா: ஒரு வெள்ளவத்தை வழக்கு

அப்பிளின் மெக் கணினி வைத்திருப்பவன் பவிசுக்கு வாங்கினவன்; மைக்ரோசொஃப்ட்டின் விண்டோஸ் ஓடும் கணினிக்காரன் வைரஸோடு குடித்தனம் நடத்துபவன். கொழும்பு வெள்ளவத்தைத் தேத்தண்ணிக் கடைகளில் இந்தப் பட்டங்கள் மலிவு. 2006இல் அப்பிள் தொடங்கிய விளம்பரத் தொடர் இதற்கு நன்றாகவே நெய் ஊற்றியது: மெக்காக வந்தவர் சாதாரண உடுப்பில் இளைஞர், பீசியாக (விண்டோஸ் கணினியாக) வந்தவர் கோட் போட்ட அப்பாவி. 2008இல் 'நான் ஒரு பீசி' என்று மைக்ரோசொஃப்ட் திருப்பிக் கொடுத்தது.

திருத்தம் என்று வந்தால் விண்டோஸ்காரன்தான் ராசா. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் ஏறி இறங்கினால் ராம் (தற்காலிக நினைவகம்), டிஸ்க், கீபோர்ட் எல்லாம் மாற்றலாம். (மெல்லிய லப்டொப் பலவற்றில் ராம் இப்போது பலகையோடு ஒட்டியே வருகிறது; அந்தப் பெருமையும் தேய்கிறது.) அப்பிளின் சொந்தச் சிப்பான எம்1 உள்ள மெக்புக் லப்டொப்பில் ராமை வாங்கும் நாளிலேயே தீர்மானிக்க வேண்டும், பிறகு கூட்ட முடியாது.

ஆனால் பற்றரி? 2022இல் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனபோது, விசிறியே இல்லாத என் எம்1 மெக்புக் எயார் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. 'பவிசுப் பெட்டி' என்றவர்கள் அன்று வாய் திறக்கவில்லை.

விளையாட்டுக்கும் கணக்கு மென்பொருளுக்கும் விண்டோஸ்தான், அதில் வாதமில்லை.

கணக்காளர் மச்சான் ஒருவனுக்கு கணக்கு அட்டவணை போடும் எக்செல் என்றால் விண்டோஸின் சொத்து. அது 1985இல் முதலில் மெக்குக்குத்தான் வந்தது என்றேன். 1997இல் மைக்ரோசொஃப்ட் அப்பிளில் 15 கோடி டொலர் முதலிட்டதையும் சொன்னேன். இன்னும் நம்பவில்லை.